ஒழுங்கை முழுக்க ஒரே சிவப்புக் கதிரை

விசாரணை உத்தியோகத்தராக என்னைப் போட்ட அன்றைக்கு, நியமனக் கடிதத்தோடு ஒரு கதிரையும் தந்தார்கள். அதில் ஒரு கால் கட்டை. கட்டைக் காலுக்குக் கீழே பழைய ஃபைல் மட்டையை மடித்து வைத்து, ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். கோபத்தில் மேசையில் தட்டினால் நான்தான் விழுவேன். கோபக்காரியான எனக்கு அந்தக் கதிரை செய்த உபகாரம் கொஞ்சமல்ல.

வேலை இதுதான். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு யாருக்குச் சேரவேண்டும் என்று பார்க்க, கள உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போவார்கள். ஃபேன் இருக்கா, பிரிட்ஜ் இருக்கா, நல்ல தளபாடம் இருக்கா என்று பார்த்து ஃபோனில் டிக் போடுவார்கள். டிக் கூடினால் கொடுப்பனவு இல்லை. இல்லை என்று பதில் வந்தவர்கள் மேன்முறையீடு செய்வார்கள். அவர்களைக் கூப்பிட்டு விசாரித்து ரெக்கமண்ட் பண்ணுவது நான். கையெழுத்து வைப்பது எங்கள் சேர், பிரதேச செயலாளர். எந்தப் பிரதேசம் என்று மட்டும் கேட்காதீர்கள். திருகோணமலை மாவட்டத்தில் கடல் தெரிகிற ஓர் இடம், போதும்.

1. சோடா குடித்த சாட்சி

ஒருநாள் தவமணி என்பவர் விசாரணைக்கு வந்தார். கணவர் கடலட்டை பிடிக்க ஆழத்தில் இறங்கி, அவசரமாக மேலே வந்ததில் இரண்டு காலும் விளங்காமல் போனவர். மூத்த மகள் நிரோஷா ஏ.எல். படிக்கிறாள்.

"காசு நிண்டுபோச்செண்டு தெரிஞ்ச உடன அவள் கொழும்பில கார்மெண்டுக்குப் பேர் குடுத்திட்டாள் மிஸ். வெள்ளிக்கிழமை பஸ் வருதாம். படிக்கிற பிள்ளை மிஸ் அவள். நான் சொன்னால் கேக்கிறாள் இல்லை."

"வீட்டில பிரிட்ஜ் இருக்கோ?"

"இல்லை மிஸ்."

பக்கத்தில் இருந்த கள உத்தியோகத்தர் சுபாஷினி துள்ளி எழும்பினாள். பொய் எழுதுகிற பிள்ளை அல்ல அவள். "என்ன அக்கா இப்பிடிச் சொல்லுறீங்கள்? எனக்கு ஐஸ் மாதிரிக் குளிர்ந்த சோடா தந்தனீங்கள். குஷன் வைச்ச சிவப்புக் கதிரையில, ஃபேன் காத்தில இருந்து குடிச்சனான்!"

"ஓம் மிஸ், குடுத்தனான்" என்றார் தவமணி. "அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை."

"அப்ப நீங்கள் பொய் சொல்லுறீங்களோ?"

"இல்லை மிஸ்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மேசையில் தட்டக் கையை ஓங்கினேன். கதிரை கிறீச்சென்றது. கையை இறக்கிவிட்டேன்.

அடுத்து வந்தவர்களும் தவமணியின் ஒழுங்கைக்காரர்கள், அதே சின்னத் தெருவில் இருப்பவர்கள். அவர்கள் சொன்னதும் அதே கதைதான். எல்லோரும் போன பிறகு சுபாஷினி முணுமுணுத்தாள். "அந்த ஒழுங்கையில எல்லாரும் ஒரே கடையில வாங்கியிருக்கினம் மிஸ். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே மாதிரிச் சிவப்புக் கதிரை, அதே மாதிரி நீல ஃபேன்."

"பிள்ளை" என்றேன், "அதே மாதிரிக் கதிரையோ, அதே கதிரையோ?"

அவள் ஃபோனை எடுத்து, போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கத் தொடங்கினாள்.

2. வேலிக்கு மேலால் போன ஃபேன்

வியாழக்கிழமை, ஒருவருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனோம். ஒழுங்கை முகப்பில் இறங்கினதுதான் தாமதம், "கச்சேரி ஆக்கள் வருகினம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கந்தோர் என்கிற அரச அலுவலகம் எதுவானாலும் எங்கள் சனத்துக்குக் கச்சேரிதான். நான் காலை எட்டி வைத்தேன். தவமணி வீட்டு வாசலுக்குப் போனபோது, பக்கத்து வேலிக்கு மேலால் நீல நிற ஸ்டாண்ட் ஃபேன் ஒன்று தலையை ஆட்டி ஆட்டி வந்துகொண்டிருந்தது.

"தவமணி, சுறுக்கா புடி! மிஸ் வந்திட்டா!" என்று வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்.

தவமணி வீட்டுக்குள் பாய் உதறிக்கொண்டிருந்தார். நானே ஓடிப்போய் ஃபேனை வாங்கினேன். "குடுங்கோ, நான் வைக்கிறன்" என்றேன்.

அந்தப்பக்கம் நின்றவர் றஹீமா. கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை. ஃபேன், பிரிட்ஜ், சிவப்புக் கதிரைகள் எல்லாம் அவருடையவை. ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு உத்தியோகத்தர் வந்தாலும், சம்பந்தம் பேச ஆள் வந்தாலும், கதிரையும் ஃபேனும் பிரிட்ஜில் குளிர்ந்த சோடாவும் வேலி தாண்டிப் போகும், சாமான் பிறகு திரும்பி வரும். சுபாஷினி ஒரு வீட்டில் டிக் போட்டு முடித்து வெளியே வருவதற்குள் அவை பின்வேலியால் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கின்றன. கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பில் விலா நொந்துபோனது. சுபாஷினி தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டாள்.

"அண்டைக்கு ஏன் தவமணி இதைச் சொல்லேல்லை?"

"வீட்டுக்கு வந்த பிள்ளையை முன்னால வைச்சுக்கொண்டு, 'நீ இருந்தது இரவல் கதிரை' எண்டு எப்பிடி மிஸ் சொல்லுறது? அதுக்கு மனம் நோகாதோ?"

"சரி. இதாலதானே காசு நிண்டது? இண்டைக்கும் ஏன் கொண்டுவாறீங்கள்?"

"அதுக்காக உங்களை வெறும் நிலத்தில இருத்துறதோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கணவரின் கட்டில், ஒரு பல்பு, கொடியில் உடுப்பு. வேறு சொல்ல ஒன்றுமில்லை. கதவோரம் கட்டி வைத்த பை இருந்தது. நிரோஷா அதற்குப் பக்கத்தில் நின்று, "நாளைக்கு விடிய பஸ் மிஸ். முடிவு அதுக்கு முதல் தெரியுமோ?" என்றாள்.

"எண்ட பேரையும் எழுதிக்குங்க மிஸ்" என்றார் றஹீமா. "சாமான் எல்லாம் என்னுடையது எண்டு எங்கயும் வந்து சொல்லுவன்."

3. சேர் இருந்த கதிரை

அந்த ஒழுங்கையின் மற்ற வீடுகளையும் பார்த்துவிட்டு, அன்று பின்னேரமே தவமணியின் ஃபைலோடு சேரின் அறைக்குப் போனேன். நல்ல மனிதர், ஆனால் ஓடிட், கணக்காய்வு என்றால் அவருக்கு வியர்த்துவிடும். கதையைக் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"நம்புற மாதிரி ஏதும் சொல்லுங்கோ மிஸ். ஆபிசர் வாறாரெண்டு கதிரை இரவல் வாங்குறதோ? ஆராவது அப்பிடிச் செய்வினமோ? ஓடிட்காரன் என்ட கழுத்தைத்தான் பிடிப்பான்."

"சேர், கொஞ்சம் எழும்புங்கோ."

"ஏன்?"

"எழும்பி, நீங்கள் இருக்கிற கதிரையின்ட முதுகைப் பாருங்கோ."

சேர் எழும்பிப் பார்த்தார். வெள்ளைப் பெயின்டில் பக்கத்துக் கந்தோரின் பெயர். போன மாதம் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் எங்களைப் பார்க்க வந்தபோது, நல்ல கதிரைகளையெல்லாம் அங்கேயிருந்து தூக்கிவந்து போட்டோம், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒன்றில் ஒரு பக்கம் பிடித்தது நான். வந்தவர் சுகமாக இருந்து தேத்தண்ணி குடித்துப் போனார். பிறகு, புதுக் கதிரை கேட்ட எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது. நேரில் பார்த்தோம், தளபாடங்கள் போதியளவு உள்ளன என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு ஒரு கிழமை கத்தித் தீர்த்தவர் இதே சேர்தான்.

அவர் கதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்னையே விசாரிச்சுப் போட்டீங்கள் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார். "நீங்கள் போய்ப் பாத்த மற்ற வீடுகளின்ட ஃபைலையும் கொண்டாங்கோ."

இருட்டுவதற்குள் சுபாஷினியே ஆட்டோ பிடித்துப் போய்ச் சேதி சொன்னாள். வெள்ளிக்கிழமை பஸ் நிரோஷா இல்லாமல் போனது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முன்னறையில் ஒரு பொருளைக் கண்டால், இருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் போடாதீர்கள். ராவில் அது எந்த வீட்டில் கிடக்கும் என்றும் கேளுங்கள். சிரித்த முகத்தோடு கேளுங்கள். எங்கள் சனம் இல்லாமையை ஒளிப்பது உங்களை ஏமாற்ற அல்ல, உங்களை மதித்து.

அடுத்த மாதம் தவமணி கந்தோருக்கு வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், அதனால் வெறுங்கையோடு வந்தார். நான் எழும்பி, என் கதிரையை அவருக்குக் கொடுத்தேன். இருந்ததும் கதிரை ஒருபக்கம் சரிந்தது. அவர் மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், இதை ஆரிட்டை இரவல் வாங்கினீங்கள்?"

"இரவல் இல்லை தவமணி. இது ஒண்டுதான் எங்கட சொந்தக் கதிரை."

அவர் கட்டைக் காலையும் மட்டையையும் குனிந்து பார்த்தார்.

"அப்ப நீங்களும் ஒரு மேன்முறையீடு போடுங்கோ மிஸ்" என்றார். "சாட்சிக்கு நான் வாறன்."