இரங்கல் செய்தியில் ஒரு சிரிப்பு

இன்று கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா பதறிப்போய் போனை என்னிடம் நீட்டினார்.

“எங்க சம்பந்தி தவறிட்டாரு தம்பி. அங்கிட்டுத்தான் போறேன். அவுக வீட்ல போட்ட செய்தியில கும்பிடு போடப்போயி, சிரிக்கிற மூஞ்சிய அமுக்கிட்டேன். எடுத்துவிடுங்க.”

போன வாரம் வரை அந்த ஆப்பில் ஒரே ஒரு லைக் பட்டன்தான் இருந்தது. புது அப்டேட்டில் ஒரு வரிசை மூஞ்சிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன. நீக்குவதற்கு வழியையே காணோம். தேடித் தேடி அமுக்கியதில், இறந்தவர் படத்தின் மேல் பட்டாசு வெடித்தது.



அக்கா போனை வாங்கிப் பையில் போட்டார். “விடுங்க. நேர்ல போயி அழுதுக்கிறேன்” என்று ஆலங்குடியில் இறங்கிவிட்டார்.

இதை வடிவமைத்தவர்கள் ஒரு துக்க வீட்டுக்குக்கூடப் போனதில்லையா? அந்தச் சிரிப்பை எடுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து இந்தப் பதிவுக்குச் சிரிப்பு போடாதீர்கள்.