ஐந்து பேர் மெத்தை

மெத்தைக்கார அக்காவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை. "இவ ஊசி பெருசு, வாய் அதைவிடப் பெருசு" என்று கணவரே கேலி செய்வார். செய்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். பஞ்சு மெத்தையை ஒரே குத்தில் ஊடுருவி, மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. அதில் சுவருக்குச் சுவர் அவள் தைத்த ஒரே மெத்தை. அக்கா, கணவர், மகள், மகன், கொழுந்தன் என்று ஐந்து பேரும் அதில்தான் வரிசையாகப் படுப்பார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அதே மாதிரி வேண்டும் என்று கேட்கத் தொடங்கவே, கடைக்குப் புதுப் பலகை மாட்டி அந்த மெத்தையையே படமாகப் போட அக்காவுக்கு ஆசை வந்தது.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. தனக்குத் தனி அறை உண்டு, கட்டில் உண்டு என்று கல்லூரித் தோழிகளிடம் அளந்து வைத்திருந்தாள். அக்காவுக்கு அது தெரியும். கேட்டுச் சண்டை போடவில்லை, ஆனால் மனசு வலித்தது.

"போட்டோ எதுக்கும்மா? கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அதுவே படம் வரைஞ்சு தரும்," என்றாள் மகள்.

ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறது என்று எழுதிக் கொடுத்தாள். வந்த படத்தில் உயரமான கட்டில், வெள்ளைத் திரை, கணவன் மனைவி, கால்மாட்டில் ஒரு நாய்.

"நாய்க்கு இடம் இருக்கு, பெத்த பிள்ளைங்களுக்கு இல்லையா?" என்றாள் அக்கா. "தரையில மெத்தை, அஞ்சு பேருன்னு போடுடி."

போட்டாள். அடுத்த படத்தில் மெத்தை கிழிந்தது, சுவர் காரை பெயர்ந்தது, ஐந்து பேருக்கும் கன்னம் ஒட்டிப்போனது.

கணவர் எட்டிப் பார்த்தார். "யாரு செத்துட்டாங்க?"

சந்தோஷமாக என்று சேர்த்ததும், ஐந்து பேரும் கண்ணை அகல விரித்து, பல் அத்தனையும் காட்டினார்கள். சுவர் மட்டும் பெயர்ந்தபடியே இருந்தது. மகள் மற்றதைத் தொடாமல் தரையை மட்டும் கட்டில் என்று மாற்றினாள். சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, ஜன்னலில் பூந்தொட்டியும் வந்துவிட்டது. திரும்பத் தரை என்றாள். பூந்தொட்டி போன இடம் தெரியவில்லை.

மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தரையில படுத்தா சோத்துக்கில்லாதவங்களா? நாம என்ன அழுதுக்கிட்டா தூங்கறோம்? சித்தப்பா குறட்டைக்குச் சிரிச்சே வயிறு வலிக்குது!"

"அதைத் திட்டி என்ன பண்றது?" என்றார் குறட்டைக்குச் சொந்தக்காரர். "அது பார்த்துப் பழகின படம் அப்படி. தரையில படுக்கறவங்களைக் கஷ்டம் வந்தப்பதான் படம் புடிச்சிருப்பாங்க. நிம்மதியா தூங்கறப்ப யாரு வந்து புடிச்சா?"

"நாம புடிப்போம்," என்றாள் மகள்.

பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு ஐந்து பேரும் படுத்தார்கள். எதிர் அலமாரியில் செல்போனைச் சாய்த்து வைத்தாயிற்று. தூங்குவதுபோல் நடிக்கத்தான் ஒருவருக்கும் வரவில்லை. மகனின் கால் அப்பாவின் வயிற்றில் ஏறியது. அதற்குள் கொழுந்தன் நிஜமாகவே தூங்கிப்போய்க் குறட்டை விட, மற்ற நால்வரும் அடக்க மாட்டாமல் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து விழுந்தது படம்.

"உன் மூஞ்சி நல்லாத் தெரியுதேடி. போர்வையை மூடிக்கிட்டு இன்னொண்ணு எடுப்போமா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"தெரியட்டும்மா."

பலகை மாட்டிய அன்றே மகளோடு ஒரு தோழி வந்துவிட்டாள். உள்ளே அக்காவின் ஊசி பஞ்சில் பாதியில் நின்றது.

"ஏய், இது நீதானே? உனக்குக் கட்டில் இருக்குன்னே?"

"அது புளுகு. எங்க அம்மா பக்கத்துல இருக்கு பாரு, அதுதான் என் இடம். யார் கேட்டாலும் தரமாட்டேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தோழி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்லயும் இப்படித்தான். நாங்க ஆறு பேரு."

அதற்குமேல் அக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை. "ஆறு பேருக்கும் தைக்கலாம்மா, உள்ள வா!"