தேன்குழல் புரதம் ஆகாது

காய்ந்த எண்ணெயில் தேன்குழல் மாவு விழும்போது ஒரு சத்தம் வரும். சடசடவென்று தொடங்கி, வேக வேக மெல்ல அடங்கும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு இன்றைக்கும் வயிறுதான் எரியும்... காரணம் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். பகலெல்லாம் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. உயிரியலைப் பழைய புத்தகங்களை வாங்கி வாங்கி நானே படித்துக்கொண்டேன். சாயங்காலம் எங்கள் வீட்டு வளவில், உள்முற்றத்தைச் சுற்றி உட்காரவைத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். குன்றக்குடியிலிருந்துகூட சைக்கிள் மிதித்து வருவார்கள். புரதப் பாடம் என்றால் நான்தான் என்று அப்போது பேர்.

எப்படி நடத்துவேன் தெரியுமா? அமினோ அமிலங்கள் இருபது வகை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலிதான் பாலிபெப்டைடு. பழுதான டெலிபோனின் சுருள் வயரைத் தூக்கிப் பிடித்து, "சங்கிலி சில இடத்துல இப்பிடிச் சுருளும், இது ஆல்ஃபா சுருள்" என்பேன். மாட்டுக்கொட்டகைத் தகரத்தைக் காட்டி, "சில இடத்துல இப்பிடி மேடும் பள்ளமுமா அடுக்கும், அது பீட்டா தகடு" என்பேன்.

அப்புறம்தான் விஷயமே. முழுச் சங்கிலியும் மடங்கி ஓர் உருவத்துக்கு வரும். தண்ணீரை விரும்பாத அமிலங்கள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீரை விரும்புகிறவை வெளியே நிற்கும். யாரும் உட்கார்ந்து மடித்துவிடுவதில்லை. எதற்குப் பிறகு எது என்ற அந்த வரிசைக்குள்ளேயே உருவம் இருக்கிறது! இதைச் சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் மைத்துனன் நாச்சியப்பன், என் மனைவியின் தம்பி, எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் டியூஷன் ஆரம்பித்தான். சிரித்த முகம். பட்டம் வேறு. அதுகூடப் போகட்டும். புரதப் பாடத்தன்று ஒரு தூக்குவாளி நிறையத் தேன்குழலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தானாம்.

"அச்சுலேர்ந்து மாவு நூலா வருதுல்ல, அதான் பாலிபெப்டைடு. அது சுத்திச் சுத்தி ஒரு உருவமாகுதுல்ல, அதான் மடிப்பு. புரிஞ்சுச்சா? இப்ப தின்னுங்க."

பிழிந்து கொடுத்தது யார்? என் மனைவி. என் வீட்டு மாவு, என் வீட்டு எண்ணெய்!

ஒவ்வொருவராக அவனிடம் போய்விட்டார்கள். கடைசியில் என்னிடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் உமையாளும் போனாள். "அம்மான்கிட்ட சிரிச்சுக்கிட்டே படிக்கலாம் அப்பச்சி" என்று பெற்ற அப்பன் என்னிடமே சொன்னாள். தாய்மாமன் என்றால் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சலுகை இருக்கத்தான் செய்யும். அதற்காகப் பாடத்திலுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் என் மனைவி அடுத்த ஈடு தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தாள். அக்காளை அவன் ஆச்சி என்றுதான் கூப்பிடுவான். அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

"தேன்குழலைச் சுத்துறது இந்தா நிக்கிற ஒங்க ஆச்சி கைடா. புரதத்தை எந்தக் கை சுத்துது?"

"ஒரு உவமைதானே அத்தான். இதுக்குப் போயி இம்புட்டுக் கோவப்படுறீக?"

"உவமைன்னா தப்பாச் சொல்லலாமா?"

"மடங்குறதுக்கு ஒத்தாசை பண்ணுற புரதமும் செல்லுக்குள்ள இருக்குல்ல. அதைக் கையின்னு வச்சுக்குங்களேன்."

"அது பக்கத்துச் சங்கிலியோட ஒட்டிக்காம காவல் காக்குது. உருவத்தைக் குடுக்குறது அது இல்லை."

மனைவியிடம் திரும்பி, "நீ கையைச் சுத்தாம ஒரே எடத்துல பிழி" என்றேன்.

"நல்ல மாவை எதுக்கு வீணாக்கச் சொல்லுறீக?"

"பிழி சொல்றேன்."

பிழிந்தாள். மாவு குவிந்து ஒரே கட்டியாக வெந்தது.

"பாத்தியாடா? கை நின்னா உருவம் போச்சு. புரதம் அப்பிடியா?"

உமையாள் அந்தக் கட்டியைப் பிட்டு ஊதி ஊதித் தின்றுகொண்டே சொன்னாள்: "இன்னொன்னும் இருக்கு அப்பச்சி. தேன்குழலு வெந்தாத்தான் உருவம் நிக்கும். புரதம் வெந்தா உருவம் குலைஞ்சு போகும். முட்டை வெள்ளைக்கரு வெள்ளையாகுறது அதனாலதானே?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் பெண் அல்லவா!

அவன் என்ன செய்தான்? கை தட்டினான். "சபாஷ்டா உமையா. நாளைக்கு இதையே கிளாஸ்ல கேக்குறேன். தேன்குழல்ல என்னென்ன தப்புன்னு எல்லாரும் கண்டுபிடிக்கட்டும்."

என் கேள்வியையும் அவளுடைய பதிலையும் அவனே எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் அவன் வகுப்பில் அதுதான் பாடம். என் வளவு காலியாகக் கிடந்தது.

இன்று நாங்கள் இரண்டு பேருமே டியூஷன் எடுப்பதில்லை. உமையாள் புரத மடிப்பையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கிறாள். வரிசையைக் கொடுத்தால் உருவத்தைக் கணினியே கணித்துச் சொல்லிவிடுகிறதாம். வரிசைக்குள்ளே உருவம் இருக்கிறது என்று தொண்டை வற்றக் கத்தியவன் நான். யாருக்கு நினைவிருக்கிறது?

போன வாரம் அவள் பேசிய வீடியோ ஒன்றைப் பார்த்தேன். "புரதத்தை மொதமொதல்ல எனக்குப் புரிய வச்சது எங்க அம்மான் கொண்டாந்த தேன்குழல்தான்" என்கிறாள். கூட்டம் சிரிக்கிறது. டெலிபோன் வயர் வரும், வரும் என்று கடைசிவரை பார்த்தேன்... வரவேயில்லை.

கீழே கமெண்டில் தேன்குழல் ஏன் தப்பு என்று விளக்கமாக எழுதினேன். அவள் ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அந்த நாளில் என்றால் சோற்றுக் கை காயக் காய உட்கார்ந்து என்னோடு வாதாடுவாள். இந்த இதயம் நான் சொன்னது சரி என்பதற்கா, நான் அவள் அப்பச்சி என்பதற்கா? கேட்டால் சொல்வாள். நான் கேட்க மாட்டேன்.

நாச்சியப்பனுக்கு என்ன போட்டிருக்கிறாள் என்று மேலும் கீழுமாகத் தேடிப் பார்த்தேன். அவன் அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் எதற்கு எழுத வேண்டும்...