சிவப்புத் துணி கட்டிய கால்: ஆவடியிலிருந்து வேலூருக்கு ஒரு 350 சிசி வெள்ளோட்டம்

"நீண்ட பயணத்துக்குப் பெரிய வண்டி எடுக்கப்போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது எழுதிக் கேட்கிறார்கள். சிசி, மைலேஜ், சீட் உயரம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டே அனுப்புகிறார்கள். ஒருவர்கூடக் கால் பிரேக் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்க வேண்டியதும் இல்லை, எல்லா வண்டியிலும் வலது பக்கம்தான். 1993-ல் அப்படி இல்லை. அதனால் நானும் என் மனைவி கலாவும் ஒரே நாளில் இரண்டு தடவை சாகப் பார்த்தோம்.

அப்போது எங்கள் வீடு மேனாம்பேட்டில். எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பட்டறையில் லேத் வேலை. என்னிடம் இருந்தது 100 சிசி டூ-ஸ்ட்ரோக். அந்த ஜனவரியில் இரண்டு பேருமாக வேலூர் கிளம்பி, காவேரிப்பாக்கத்தில் இன்ஜின் சூடேறி ஜாம் ஆகி, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். கோடையில் கொடைக்கானல் போவதாக இருந்தோம். கலா பட்டென்று சொல்லிவிட்டாள்: "பெரிய வண்டி பாரு. இன்னொரு தபா கூட வரேன். அதுவும் என்னை இதே மாதிரி பயமுறுத்திச்சின்னா, அப்பால ஊரு சுத்தறதெல்லாம் நீ தனியா சுத்திக்கோ."

ஆவடி குவார்ட்டர்ஸில் ஜெபமணி சார் என்று ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அந்த மார்ச்சில் ரிட்டயர்மெண்ட். அவருடைய 350 சிசி வண்டி விலைக்கு வந்தது. நல்ல மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொன்னார். "சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொருத்தர் பார்க்க வாராரு. அதுக்குள்ள வண்டி இங்க நிக்கணும், பாத்துக்கிடுங்க தம்பி" என்றார்.

பிப்ரவரி ஞாயிறு, காலை 5.30-க்கு எங்கள் சின்ன வண்டியை அவர் வீட்டு வாசலில் விட்டோம். பழைய பெரிய வண்டிகளில் கால்கள் இடம் மாறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் அதுவரை ஓட்டிய எல்லா வண்டியிலும் இதற்கு நேர்மாறு. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அரை மணி நேரம் வட்டமடித்துப் பழகினேன். ஒரு தப்பும் வரவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே தெனாவெட்டு.

6.10-க்குக் கிளம்பினோம். பூந்தமல்லிக்குப் பத்து கிலோமீட்டர், 6.35-க்குப் போய்விட்டோம். பெங்களூர் ரோடு காலியாக இருந்தது. திருமழிசை தாண்டி எனக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பி லாரி. கம்பிகள் பின்னால் ஐந்தாறு அடி நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் சிவப்புத் துணி. ரோட்டில் ஏதோ குறுக்கே வந்ததால் லாரி திடீரென்று நின்றது.

நான் மிதித்தேன். வலது காலால் மிதித்தேன். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்த வண்டி நான்காவதுக்கு மாறி நிம்மதியாகப் போனது! அடப்பாவி என்று மறுபடி மிதித்தேன், அதே கால். கலா "அய்யோ" என்று என் சட்டையை இறுக்கினாள். கம்பி நுனிகள் முகத்துக்கு நேரே வந்துவிட்டன. என்ன நினைத்தேனோ, கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தேன். அந்தச் சிவப்புத் துணி என் வலது தோளில் உரசிக்கொண்டு போனது. ஓர மணலில் சக்கரம் புதைந்து வண்டி தானாக அணைந்தது.

நூற்று அறுபது கிலோ வண்டியைக் கீழே போடாமல் நின்றதே பெரிய விஷயம். கலா இறங்கிப் பத்தடி தள்ளிப் போய் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவாள், கொடைக்கானலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று எனக்கு அழுகையே வந்தது. லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

"இன்னா நைனா, ஊட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

"பிரேக் மிதிச்சேன், புடிக்கலண்ணே" என்றேன்.

கலா அங்கிருந்தே கேட்டாள். "எந்தக் கால்ல மிதிச்ச?"

வலது காலைக் காட்டினேன். அவள் எழுந்து வந்து வண்டியை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். "பிரேக்கு அந்தாண்ட கீது. நீ இந்தாண்ட மிதிச்சிகினு புடிக்கலன்னு சொல்ற. ஏய்யா, வண்டி இன்னா பண்ணும்?" டிரைவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "அண்ணாத்தே, அந்தச் செவப்புத் துணி இன்னொண்ணு கீதா?" என்று கேட்டு வாங்கினாள். என் இடது கணுக்காலில் அதை நன்றாக இறுக்கிக் கட்டினாள்.

"நீ யோசிக்காத. யோசிச்சாத்தான் பழைய காலு போவுது. நான் பின்னாலேருந்து செவப்புன்னு கத்துவேன். கட்டின காலால மிதி. அவ்ளோதான்."

எனக்குத் துணி கட்டிவிட்டதைவிட, திரும்ப ஏறி உட்கார்ந்தாள் பாருங்கள், அதுதான் பெரிய ஆச்சரியம். பக்கத்து டீக்கடை மைதானத்தில் அவள் கத்தக் கத்த இருபது தடவை மிதித்துப் பழகினேன். கடைக்காரர் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். 7.40-க்குத் திரும்ப ரோடு ஏறினோம்.

வாலாஜா வரைக்கும் எனக்கு முதுகு விறைத்தபடியேதான் இருந்தது. மாடு, சைக்கிள், பஸ் எது வந்தாலும் "செவப்பு!" என்று காதில் ஒரு கத்தல். இடது கால் தானாக இறங்கும். வேலூர் போவதற்குள் பதினோரு தடவை கத்தியிருந்தாள், பதினோரு தடவையும் வண்டி நின்றது. காவேரிப்பாக்கத்தில், போன மாதம் நாங்கள் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்த கடையை அறுபதில் தாண்டும்போது கலா கடைக்காரருக்குக் கை காட்டினாள். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போயும் இன்ஜின் சத்தம் மாறவில்லை, அவளுக்கு இடுப்பு வலிக்கவில்லை. 11 மணிக்கு வேலூர் கோட்டை. பக்கத்துக் கடையில் இரண்டு சாப்பாடு இருபத்து நான்கு ரூபாய். 1.30-க்குத் திரும்பக் கிளம்பினோம். வரும்போது அவள் கத்துவதற்கு முன்பே என் கால் மிதித்தது. போக வர 260 கிலோமீட்டர், ஏழரை லிட்டர் பெட்ரோல், நூற்று இருபத்தைந்து ரூபாய்.

5.20-க்கு ஆவடி. வண்டியை எடுத்துக்கொள்கிறோம் என்று ஜெபமணி சாரிடம் சொன்னேன். பெரியது ஊர் சுற்ற, சின்னது வேலைக்குப் போக என்று வரும் வழியிலேயே நானும் கலாவும் பேசி வைத்திருந்தோம். "கால்ல என்ன தம்பி, அடி பட்டிருக்கா?" என்றார் அவர். "இல்ல சார், அது வேற" என்றேன். அவிழ்க்க மறந்துவிட்டேன். பணம் கொடுத்ததும் பெரியதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, எங்கள் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பினோம்.

எட்டே கிலோமீட்டர். மேனாம்பேட்டுக்குத் திரும்பும் ரோட்டில் ஒரு தண்ணி லாரி நின்றிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் குடங்கள். லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா இடுப்பில் குடத்தோடு ரோட்டில் இறங்கினார்.

"செவப்பு!"

கட்டின கால் மிதித்தது. இந்த வண்டியில் அது கியர்! வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நிற்காமல் போனது. அந்த அம்மா குடத்தைப் போட்டுவிட்டுத் துள்ளி ஒதுங்கினார், அவருடைய முந்தானை என் கைப்பிடியில் பட்டு விலகியது. நாங்கள் நேராகப் போய்க் குட வரிசையில் விழுந்தோம். சேறும் தண்ணீருமாகக் கிடந்த கலாவின் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? நாலு கொடம் போச்சி! என் மேல ஏறியிருந்தா என் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடறது, நீயா?" அந்த அம்மா நடுங்கிக்கொண்டே கத்தினார். பிறகு என் காலில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "காலு சரியில்லன்னா ஊட்ல குந்தேன்யா."

குடங்களுக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பாதி வழியில் என் புத்தி கெட்டுப்போய், "நீ எதுக்கு அப்படிக் கத்தின?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. காலையில் என் உயிரைக் காப்பாற்றிய குரல் அது.

வீட்டுக்கு வந்து, முழங்கையில் மஞ்சள் வைத்துக்கொண்டே சொன்னாள். "செத்திருந்தா நாம செத்திருப்போம், அது நம்ம தலையெழுத்து. அந்தப் பொம்பள இன்னாய்யா பண்ணிச்சி? ஒரு ஊட்ல ஒரே பிரேக்குதான். ரெண்டும் வச்சிக்கினா நான் ரெண்டுலயும் ஏற மாட்டேன்."

மறுநாளே சின்ன வண்டியை விற்றேன். பட்டறைக்கும் 350-லேயே போனேன். ஒன்றரை கிலோமீட்டருக்கு இந்த யானை எதற்கு என்று எஸ்டேட்டில் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. மே மாதம் கொடைக்கானல் போனோம், கலாவோடு.

பெரிய வண்டி எடுப்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். மைதானத்தில் பழகியதை நம்பாதீர்கள், பயம் வரும்போது கால் பழைய இடத்துக்குத்தான் போகும். புது வண்டியில் குறைந்தது 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முடிவு சொல்லுங்கள். பழைய மாடல் ஒன்றை ஆசைக்கு வாங்கினால் வீட்டில் இருக்கும் மற்ற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவரை முதல் நாளே கூட்டிப் போங்கள், அவருடைய கழுத்தும் உங்களோடுதான் பயணம் போகிறது.

நான் போன மாதம்தான் 350-ஐ விற்றேன். அது கைமாறிய பிறகுதான் புது அட்வெஞ்சர் வண்டியைப் பார்க்கப் போனோம், வீட்டுச் சட்டம் அப்படி. ஷோரூம் பையன் விண்ட்ஷீல்டு, ஏபிஎஸ், டேங்க் என்று கால் மணி நேரம் விளக்கினான். கலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் காலு?"

"வலது."

"மிதிச்சிக் காட்டு."

ஷோரூமே வேடிக்கை பார்க்க, நான் நின்ற வண்டியில் மூன்று தடவை மிதித்துக் காட்டினேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.