மடங்காத சுண்டுவிரல்

அந்தக் கைபேசி நிறுவனத்தில் அவளை எல்லோரும் ‘களிமண் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலருக்குத் தலையில் இருப்பது அக்காவுக்குக் கையில் இருக்கிறது என்று கேலி வேறு. எந்தப் புதுக் கைபேசியும் முதலில் அவள் மேசையில் களிமண்ணாகத்தான் பிறக்கும்.

நிறுவனத்தைத் தொடங்கிய பெரியவர் காலையில் வந்ததும் நேரே அந்த மேசைக்குத்தான் போவார். வணக்கமும் கிடையாது, விசாரிப்பும் கிடையாது. களிமண்ணை வலது கையில் எடுத்து, கட்டைவிரலால் மேல் மூலையைத் தேய்ப்பார். தலையை இடது தோளுக்குச் சாய்த்து, “இன்னும் கொஞ்சம் சீவும்மா” என்பார். இளவயதில் கதவிடுக்கில் நசுங்கிய அவர் சுண்டுவிரல் மடங்காது. கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும். அந்தக் கைக்கு வாகாக அமையும்வரை அவளும் சளைக்காமல் சீவுவாள். அப்படி உருவான கைபேசி சக்கைப்போடு போட்டது. அது இல்லாத கையைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அந்த வருடமே பெரியவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

சில மாதம் கழித்து, பேருந்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கைபேசியை எடுத்தாள். கட்டைவிரல் மூலையைத் தேய்த்தது. தலை இடது தோளுக்குச் சாய்ந்தது. சுண்டுவிரல் விறைத்து நீண்டது.

களிமண் அக்கா திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கிழவருக்கும் அதே விரல். கம்பியைப் பிடித்து நின்றவருக்கும் அதே சாய்வு. வண்டி முழுக்கப் பெரியவரே ஏறி வந்ததுபோல் இருந்தது.

ஒருவர் கைக்கென்று செய்த பொருள், பிடிக்கிற கையை எல்லாம் அவர் கையாக்கத்தானே செய்யும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், பெரியவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத அவள் மகள், கைபேசியை வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்த கையில் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“விரல மடக்குடி!”

“மடங்க மாட்டேங்குதும்மா,” என்றாள் மகள், சோற்றை மென்றபடி.

மறுநாளே அக்கா மூலையை மாற்றிப் புது வடிவத்தைச் செதுக்கிக்கொண்டு போய்ப் புதுத் தலைவரிடம் நீட்டினாள். அவர் அதைத் தொடவே இல்லை. தன் கைபேசியை உருட்டியபடி, “ஓடுற குதிரையோட கால ஏம்மா ஒடைக்கப் பாக்குறீங்க?” என்றார்.

“சார், உங்க விரலக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார். மடக்க முயன்றார். இடது கையால் அழுத்திக்கூடப் பார்த்தார். அது மடங்கவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “சீக்கிரமா செய்ங்க,” என்றார்.

சேதி எப்படியோ பெரியவரின் மனைவி காதுக்குப் போயிருந்தது. அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்கு அக்காவை வரச் சொன்னார். கார் சற்றுத் தள்ளி நின்றது. அம்மையார் பெஞ்சில் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மூலைய மாத்தறியாமே?”

“ஆமாம்மா.”

“சாயங்காலமானா நான் இங்க வந்து உக்காந்துக்குவேன். வீட்ல யாரு இருக்கா? இங்க வந்தா அவரு ரோட்டக் கடக்குறாரு, பஸ் ஏறுறாரு. ஒருநாள் என்னப் பாத்துச் சிரிச்சாருகூட. மாத்திடாதம்மா.”

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். “என் பொண்ணுக்கு விரல் மடங்கலம்மா.”

“என்ன வயசு?”

“ஒம்போது.”

ஒரு பேருந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை அம்மையார் இறங்கியவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். “அப்ப மாத்திடு,” என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

புதுக் கைபேசி வந்தது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பழையதைக் கழித்துக்கட்டினார்கள். மகளின் விரல் முதலில் வலித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. சாலையில் தலைகள் நிமிர்ந்தன.

ஒரு காலையில் அம்மையார் போன் செய்தார்.

“நேத்து இருட்டுற வரைக்கும் உக்காந்து பாத்தேன். ஒருத்தர்கூட அவரு இல்ல. அவரு போயிட்டாரும்மா…”

அந்தப் பக்கம் பெருங்குரலில் அழுகை வெடித்தது. நேற்றுத்தான் சாவு விழுந்த வீடு மாதிரி. மேசையில் களிமண் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அழுது ஓயும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.