ஒரு புள்ளி மெதுவாக

பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கிற சின்ன அறையில், மதியம் ஒரு மணிக்குப் போனால் லிஃப்ட்காரரைப் பார்க்கலாம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிரீஸ் பட்ட கையைத் துணியில் மூன்று தடவை துடைத்துவிட்டு, கையடக்க விளையாட்டுக் கருவியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வயது ஐம்பத்திரண்டு. பாதி வழுக்கை. திரையில் வெள்ளையாக ஒரு பஞ்சு உருண்டை மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். இவரும் அதோடு சேர்ந்து மூச்சு விடுவார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.

ஜன்னலுக்கு வெளியே மேகம் போகும். யாராவது கீழே பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும், கம்பிக் கயிறு ஓடும், பிறகு நிற்கும். சில மதியங்களில் அவருக்குக் கண் செருகிவிடும். அந்தப் பஞ்சு உருண்டை திரையை விட்டு வெளியே வந்து, லிஃப்ட் போகிற இருட்டுப் பொந்தில் மாடி மாடியாக இறங்கிப் போவதுபோல் இருக்கும். விழித்துப் பார்த்தால் அது திரையில்தான் இருக்கும், சமர்த்தாக.

பூதங்களை வளர்த்துச் சண்டைக்கு விடுகிற இந்த விளையாட்டு அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது இரண்டு கருவிகளையும் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனாள். முதலில் எடுத்தது மனைவிதான். அவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார் மேசையில் வேலை. காலையிலிருந்து மாலைவரை ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க, பார்க்கறோங்க" என்று சொல்கிற உத்தியோகம். சும்மா சொல்லக் கூடாது, ஒருநாள்கூட அங்கே அவள் குரல் உயர்ந்ததில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வீட்டுக்கு வந்து பூதங்களைப் போட்டு வெளுத்தாள். அவளுடைய பூதத்தின் பெயர் இடிக்கொம்பன். மலை மாதிரி உடம்பு, ஆமை நடை, ஆனால் ஒரு அடி விழுந்தால் எதிராளி எழுந்திருக்க வேண்டாம்.

ஆட்டம் எளிதுதான். ஜோடிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பூதம். எதிரே இன்னொரு ஜோடி. வேகம் அதிகமான பூதம் முதலில் அடிக்கும். ஒரு பூதம் அடிப்பதற்கு, இன்னொன்று அதற்குத் துணை நிற்பதற்கு. துணை வேலையை யார் பார்ப்பது என்று அந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூடப் பேச்சு நடக்கவில்லை. தட்டை எடுத்து வைப்பதுபோல் லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை நூலக மண்டபத்தில் ஜோடிப் போட்டி நடக்கும். மூன்று வருஷம் போனார்கள். மூன்று வருஷமும் அரையிறுதியில் மண்ணைக் கவ்வினார்கள். மூன்றாவது தடவை பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க என்னைக் காப்பாத்திக்கிட்டே இருக்கீங்க. எனக்கு அடி விழுந்துடுமோன்னு ஒவ்வொரு தடவையும் கேடயத்தைப் பிடிச்சா, நான் எப்பங்க அடிக்கிறது?"

"பயமா இருக்கு, என்ன பண்ணச் சொல்றே?"

"அடுத்த வருஷமும் இப்படியே ஆச்சுன்னா எங்க ஆபீஸ் கேஷியரோட சேர்ந்துக்கறேன். நல்லா ஆடுறாராம். கோவிச்சுக்காதீங்க."

"சரிம்மா," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே காரியத்தைச் செய்தது இந்த விளையாட்டில்தான். மற்றதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போய்விட்டது. இதுவும் கேஷியர் கைக்குப் போனால் சாயங்காலங்களில் அவர் என்ன செய்வார்? செய்தி பார்ப்பார்.

பழைய கேடயப் பூதத்தை ஓரங்கட்டிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டியதில் அகப்பட்டதுதான் பஞ்சுப்பூதம். போட்டிக்கு வருகிற யாரும் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தொட்டால் விழுந்துவிடும் என்று பெயர். ஆனால் எல்லாப் பூதத்துக்கும் உள்ள கேடயம் போக, அதற்கு இரண்டு வித்தை தெரியும். ஒன்று தலைகீழ் மூட்டம்: அரங்கம் முழுக்க வெண்பனியை விரிக்கும், நாலு முறைக்கு மெதுவான பூதம்தான் முதலில் அடிக்கும். இன்னொன்று விட்டுக்கொடுத்தல்: தன் உயிர் மொத்தத்தையும் கூட்டாளிக்குப் பலமாகக் கொடுத்துவிட்டுக் கரைந்து போகும். வாங்கிக்கொண்டவருக்கு அடுத்த அடி இரண்டு மடங்கு.

லிஃப்ட்காரர் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பூதத்துக்குப் பிரித்துப் போட நூறு புள்ளிதான். உயிரில் போட்டால் வேகம் போகும், வேகத்தில் போட்டால் உயிர் போகும். இடிக்கொம்பனின் வேகம் இருபத்துநான்கு. பஞ்சுப்பூதத்தின் வேகம் இருபத்துமூன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மெதுவாக. அப்போதுதான் மூட்டத்துக்குள் பஞ்சுப்பூதம் முதலில் போய்ப் பலத்தைக் கொடுக்கும், அதை வாங்கிய கையோடு இடிக்கொம்பன் அடிக்கும். வரிசை மாறினால் அடி முடிந்த பிறகு பலம் வந்து சேரும், கல்யாணம் முடிந்து மாலை வந்த மாதிரி.

அந்த ஒரு புள்ளிக்காக விளையாட்டுக்குள் நாற்பத்து மூன்று பூத முட்டைகளைப் பொரித்தார். பஞ்சுப்பூதத்தின் வேகத்தை மட்டும் புள்ளி போட்டு மாற்ற முடியாது; பொரிக்கிற குஞ்சு எந்த வேகத்தோடு வரும் என்பது அதன் தலையெழுத்து. ஒன்று இருபத்தேழு, ஒன்று முப்பது, ஒன்று பதினெட்டு. வேண்டாதவற்றை விளையாட்டுக்குள் இருக்கிற ஒரு புல்வெளியில் கொண்டுபோய் விட்டார். அவை அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு மேகக் கூட்டமாகத் திரிந்தன. நாற்பத்து மூன்றாவது முட்டை விரிந்தபோது ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து எண் தெரியவில்லை. கையால் மறைத்துப் பார்த்தார். இருபத்துமூன்று. அன்றைக்கு மதியம் முழுக்க அவர் தரையில் நடந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை.

இந்தப் புள்ளிக் கணக்கை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. போட்டியன்று அவளே பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் சேர்ந்து பழகினார்கள். மூட்டம், விட்டுக்கொடுத்தல், அடி. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நடந்தது. ஆட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் மாலைக்குள் பூதங்களின் விவரத்தை அனுப்பிவிட வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. தன்னுடையதைக் காலையிலேயே அனுப்பிவிட்டார். மதியம் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று போன் வந்தது. ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவளும் அனுப்பிவிட்டிருந்தாள்.

நூலக மண்டபத்தில் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு சுற்றும் ஊதித் தள்ளினார்கள். மூட்டம் விரிந்தாலே போதுமாயிருந்தது, விட்டுக்கொடுக்க அவசியமே வரவில்லை. அரையிறுதியில் எதிரே உட்கார்ந்தவர்கள் இரண்டு நர்ஸ்கள், ஒரே வார்டில் வேலை பார்க்கிறவர்கள். கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய பூதங்களில் ஒன்று மூன்றாவது முறையில் விழுந்தது. மிச்சம் ஒரு கல்லாமை, உயிர் முக்கால்வாசி. மூட்டம் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான். இடிக்கொம்பனுக்கும் மூச்சு இரைத்தது.

லிஃப்ட்காரருக்கு வழக்கமான பயம் வந்தது. விரல் கேடயத்தின் பக்கம் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார். இதற்குத்தானே நாற்பத்து மூன்று முட்டை. விட்டுக்கொடுத்தலை அழுத்தினார். பக்கத்தில் அவள் அடியை அழுத்தினாள். மண்டபம் ரொம்ப தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. வெண்பனிக்குள் பஞ்சுப்பூதம் மூச்சை இழுத்தது, அவரும் இழுத்தார்.

இடிக்கொம்பன் முதலில் போனான்.

வெறும் அடி. கல்லாமை ஆடிப்போய், நூல் கனத்துக்கு உயிரோடு நின்றது. அதற்குப் பிறகுதான் பஞ்சுப்பூதம் மெல்லக் கரைந்து, வெளிச்சமாகி, இடிக்கொம்பன்மேல் படிந்தது. கல்லாமை திருப்பி அடித்தது. விழ வேண்டிய இடிக்கொம்பன் எப்படியோ விழாமல் நின்றான். வாங்கிய பலமெல்லாம் உடம்பில் மினுமினுக்க, அடிக்கத் தன் முறைக்காகக் காத்து நின்றான். மூட்டம் விலகியது. மூட்டம் இல்லாவிட்டால் கல்லாமைதான் வேகம். அது முதலில் அடித்தது, அவ்வளவுதான்.

கை குலுக்கும்போது மூத்த நர்ஸ் சொன்னாள். "அண்ணா, உங்களுது முதல்ல போயிருந்தா எங்க கதை முடிஞ்சிருக்கும்."

"முதல்லதாம்மா போயிருக்கணும்," என்றார் லிஃப்ட்காரர். மனைவியின் திரையை எட்டிப் பார்த்தார். இடிக்கொம்பன், வேகம் இருபத்திரண்டு.

"இருபத்துநாலு எங்கே?"

"ரெண்டைக் குறைச்சு உயிர்ல போட்டேன், நேத்து."

"ஏன்?"

"நீங்க எப்பப் பார்த்தாலும் என் உயிரையே பார்த்துப் பார்த்துப் பதறுவீங்க. கொஞ்சம் கூட இருந்தா நிம்மதியா ஆடுவீங்கன்னுதான். எப்படியும் மெதுவானதுதானே, ரெண்டு குறைஞ்சா என்ன ஆயிடும்னு நினைச்சேன்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நாப்பத்து மூணு முட்டை," என்றார்.

"என்ன முட்டை?"

சொன்னார். மோட்டார் அறையை, புல்வெளியை, இருபத்துமூன்றை, ஒன்று விடாமல் சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"இதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

"ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"இருந்துச்சு," என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவருக்கு அவள் பஸ்ஸில் சொன்னது ஞாபகம் வந்தது. வாசல் பக்கத்து மேசையில் அடுத்த வருஷப் போட்டிக்கு ஜோடிப் பெயர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். சொன்னது சொன்னதுதான். அவளாகச் சொல்லத் தயங்குவாள், நாமே வழிவிடுவோம் என்று அவர் மேசைக்குப் போய் ஒரு படிவத்தை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"கேஷியர் பேரை எழுது. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை.

"நாலு மாசம் முன்னாடி அவரோட ஆடிப் பார்த்தேங்க. சாப்பாட்டு நேரத்துல. பதினோரு ஆட்டம், பத்து ஜெயிச்சோம்."

"நல்லா ஆடுறாரா?"

"பிரமாதமா ஆடுறார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"ஒவ்வொரு தடவை ஜெயிச்சதும், சாயங்காலம் வீட்டுக்குப் போய் உங்ககிட்ட சொல்லணும்னுதான் முதல்ல தோணும். வீட்டுக்கு வந்தா உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. பத்துல ஒண்ணைக்கூடச் சொல்லல. உங்ககிட்ட சொல்ல முடியாம எதுக்குங்க நான் ஜெயிக்கணும்?"

சொல்லிக்கொண்டே தன் பெயரையும் அதன் கீழே அவர் பெயரையும் எழுதி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

லிஃப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த இடத்தில் போடுவதென்று தெரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.