கடுகுத் தலையணைகளைத் திரும்பக் கேட்டவர்

"தப்புன்னு காட்டுதே, நல்லா பாரு ஆஷா," என்றார் சம்பூர்ணம் சிஸ்டர்.

"தப்புதான் சிஸ்டர். குழந்தை தூங்குற இடத்துல தலைகாணியே இருக்கக் கூடாதாம்."

"கடுகுத் தலைகாணி கூடவா?"

"எதுவுமே. மூச்சு அடைக்கும்னு போட்டிருக்கு."

"இதை எழுதினவங்க ஒரு புள்ளைக்காவது தலையை உருண்டையா வர வெச்சிருக்காங்களா, கேளு!"

"கம்ப்யூட்டரையா கேக்கச் சொல்றீங்க?"

சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "போன வாரம் குழந்தையோட வீட்டுக்குப் போன தாரணிக்குக்கூட நான்தானேம்மா குடுத்தேன்."

ஜோகுபாளையத்தில் எங்கள் சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் இருபத்தாறு வருடங்களாக நர்ஸ். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். பழைய பருத்திச் சேலைத் துணியில் கடுகு நிரப்பி, ரயிலில் உட்கார்ந்தபடியே சின்னத் தலையணை தைப்பார். தலை உருண்டையாக வரட்டும் என்று வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று. பதிவு மேசையில் இருக்கும் நான், நர்ஸ்கள் எல்லோரும் எழுத வேண்டியிருந்த ஆன்லைன் பயிற்சித் தேர்வின் ஆங்கிலக் கேள்விகளை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுமுறை எழுதித் தேறிவிட்டார். சான்றிதழும் வந்தது. அதோடு விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ டிஸ்சார்ஜ் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வயது ஆகாத குழந்தைகளின் வீடுகளுக்கெல்லாம் ஃபோன் செய்து தலையணையைத் திரும்பக் கேட்டார்.

"நீங்களே குடுப்பீங்க, நீங்களே வேணாம்பீங்களா?" என்று சிலர் கேலி செய்தார்கள்.

"ஆமாம்மா, எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது," என்றார் ஒவ்வொருவரிடமும்.

தாரணியின் ஃபோன் அணைந்தே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஹெப்பகோடியில் இருந்த அவள் வீட்டுக்கே போனோம். குழந்தை அந்தத் தலையணையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. முகவாய் நெஞ்சில் முட்டியிருந்தது. சிஸ்டர் தலையணையை மெல்ல உருவி, குழந்தையை மல்லாக்கச் சமமாகப் படுக்கவைத்தார். அது கண்ணைத் திறக்கவே இல்லை.

"தலை சப்பையாப் போனா யாரு பதில் சொல்றது?" என்றார் தாரணியின் அம்மா.

"என்னைக் கேளுங்க. நான் குடுத்தது தப்பும்மா. முழிச்சிருக்கும்போது பக்கத்துல உக்காந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்க. தூங்குறப்ப மல்லாக்கத்தான்."

எத்தனையோ பிரசவம் பார்த்தவர் அந்த ஒற்றை அறையில் நின்று அப்படிச் சொன்னபோது, அவர் பக்கத்தில் நிற்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு குடும்பங்கள் மட்டும் அகப்படவில்லை. நம்பரும் வீடும் மாறியிருந்தன. ஆனால் தடுப்பூசிக்கு எங்களிடம் வரக்கூடும். திங்கட்கிழமை காலை சிஸ்டர் என் மேசைக்கு வந்தார்.

"ஊசி போடுற ரூம் கதவுல ஒட்டணும். தமிழ்லயும் கன்னடத்துலயும் பெருசா எழுதிக் குடு ஆஷா. சம்பூர்ணம் சிஸ்டர் குடுத்த தலைகாணியை எடுத்துடுங்கன்னு போடு. என் பேரை மட்டும் விட்டுடாதே."